தெருவுக்குக் கேட்காத கொலுசு

எழும்பூரில் ஏறிய இரவு ரயில் விருத்தாசலம், ஆத்தூர் வழியாக வந்து சேலம் டவுன் நிலையத்தில் என்னை இறக்கிவிட்டபோது இன்னும் சரியாக விடியவில்லை. வாசலில் ஒரே ஒரு ஆட்டோ நின்றது.

"செவ்வாய்ப்பேட்டைல எங்கீங்க?"

"லீ பஜார் பக்கம் எறக்கிவிட்டாப் போதும்."

"மண்டிக்குங்களா?"

"இல்லைங்க, கொலுசு வாங்கணும்."

"கொலுசுக்கடை தொறக்கப் பத்து மணி ஆயிரும். இப்பவே போயி என்ன பண்ணுவீங்க?"

"சும்மா சுத்திப் பார்க்கலாம்னு."

கண்ணாடியில் என்னை ஒருமுறை பார்த்துக்கொண்டார். ஏற்காட்டைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களை அவருக்குப் பழக்கம். செவ்வாய்ப்பேட்டையைச் சுற்றிப் பார்க்க வந்த முதல் ஆள் நானாக இருந்திருக்கலாம்.

எனக்கு அங்கே இரண்டு வேலை. அக்கா மகளுக்குக் கல்யாணம், கொலுசு மாமன் சீர். இன்னொன்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். ஏ.எம். ராஜாவின் பாட்டுகளை நாற்பது வருடமாகக் கேட்டுவருகிறேன். அவர் பாடிய படமொன்றை எடுத்த மாடர்ன் தியேட்டர்ஸின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்னும் நிற்கிறது. நாமக்கல்லில் பிறந்து வளர்ந்த நான் அதைப் பேருந்து சன்னல் வழியாகப் பார்த்ததோடு சரி. இறங்கி நின்று பார்த்ததில்லை.

செவ்வாய்க்கிழமைச் சந்தை கூடிய இடம் என்பதால் செவ்வாய்ப்பேட்டை என்பார்கள். இப்போது சந்தைக்குக் கிழமை கிடையாது. லீ பஜாருக்குள் நுழைந்ததும் மஞ்சள், மிளகாய், புளி எல்லாம் சேர்ந்து மூக்கைப் பிடித்தன. லாரி ஒன்று பின்னோக்கி வர, கிளீனர் பையன் பலகையைத் தட்டி "வா, வா, வா" என்று கத்திக்கொண்டிருந்தான். மூட்டை தூக்குகிறவர்கள் வழிவிடச் சொல்லிக் கத்தினார்கள். டீக்கடைக்காரர் கணக்குக் கேட்டுக் கத்தினார். மூலப்பிள்ளையார் கோயில் பக்கம் வெல்ல மண்டி. முப்பது கிலோ சிப்பங்கள் அடுக்கடுக்காக இருக்கும், ஏலம் நடக்கும். விலை கூறுகிறவரின் குரல் கூட்டத்தின் கடைசி ஆளையும் தொட்டாக வேண்டும். இங்கே மிளகாய் விலையும் வீட்டு விசேஷமும் ஒரே சுருதியில்தான். பேரன் பிறந்த செய்தியை ஒருவர் தெருவின் அந்தப் பக்கத்துக்குச் சொன்னபோது, நடுவில் நின்ற எனக்கும் வாழ்த்துச் சொல்லத் தோன்றியது.

அப்பாவின் குரலும் இந்த ரகம்தான். நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தார். நாமக்கல் அப்போது சேலம் மாவட்டம், 1997-ல்தான் தனி மாவட்டமாயிற்று. லோடு பேச லீ பஜாருக்கு வரும்போது சில சமயம் என்னையும் கூட்டிவருவார். டிரங்க் காலில் பேசிப் பேசி, பக்கத்தில் இருப்பவரிடமும் பம்பாயில் இருப்பவரிடம் பேசுவதுபோலவே பேசுவார். அம்மாவிடமும் அப்படியே. "தண்ணி கொண்டா" என்று அவர் கேட்டால் நாலு வீட்டுக்கு விக்கல் நிற்கும்.

ஆனால் தீபாவளி விடியற்காலையில் எண்ணெய் தேய்த்து உட்கார்ந்திருக்கும்போது மட்டும் வேறு ஆளாகிவிடுவார். ‘கல்யாணப் பரிசு’ படத்தின் தீபாவளிப் பாட்டை வானொலி வருடா வருடம் தவறாமல் போடும். அந்த மெட்டுக்குப் படத்தில் இரண்டு வடிவம் உண்டு. பி. சுசீலா பாடுவது சந்தோஷம், ராஜா பாடுவது சோகம். வானொலியில் வருவது சுசீலா. அப்பா முனகுவது ராஜா.

"நல்ல நாளும் அதுவுமா எதுக்கு அந்த அழுவாச்சிப் பாட்டு?" என்பார் அம்மா.

"ராஜா பாடுனது அதானே" என்பார் அப்பா, நாலு வீட்டுக்குக் கேட்காத குரலில்.

பத்து மணிக்குத் தெரிந்தவர் ஒருவர் சந்துக்குள் இருந்த வெள்ளிப் பட்டறைக்கு அழைத்துப்போனார். கீழ்த்தளம் வீடு, மேலே பட்டறை. பத்துக்குப் பதினைந்து அடி அறையில் நான்கு பேர். ஒருவர் கம்பி இழுத்துக்கொண்டிருந்தார். துளைகள் வரிசையாகச் சிறுத்துக்கொண்டே போகும் இரும்புத் தகடு, ஒவ்வொரு துளையிலும் நுழைந்து வெளியேறும்போது வெள்ளி ஒரு சுற்று இளைக்கிறது. அவசரப்பட்டால் அறுந்துபோகும். இன்னொருவர் அந்தக் கம்பியைக் கண்ணிகளாக்கிக் கோத்துக்கொண்டிருந்தார். மூலையில் அறுபது தாண்டிய பெரியவர், வாயில் ஊதுகுழல். இரண்டு கண்ணிகள் சேருமிடத்தில் பொடியை வைத்து, விளக்குச் சுடரை அதன்மேல் ஊதினார். பொடி ஒரு கணம் மினுங்கி ஓடி அடங்கியது. விரலால் தடவிப் பார்த்தேன், இணைப்பு எங்கே என்று தெரியவில்லை. பொடி வைத்துப் பேசுவது என்கிறோமே, அந்த வழக்கே இங்கிருந்து போனதாகச் சொல்வார்கள்.

"உக்காருங்க சார். எவ்ளோ தூரத்துக்குக் கேக்கணும்?" என்றார் பெரியவர்.

எனக்குப் புரியவில்லை.

"கொலுசுச் சத்தங்க. வீட்டுக்குள்ள கேட்டாப் போதுமா, தெருவுக்கும் கேக்கணுமா? அதுக்குத் தக்கன முத்து வெக்கலாம்."

அக்காவுக்குப் போன் போட்டேன். "கல்யாணப் பொண்ணுடா, ஊருக்கே கேக்கட்டும்" என்றாள். மணப்பெண்ணிடமிருந்து உடனே தனியாக ஒரு செய்தி வந்தது: "மாமா, ஆபீசுக்கும் போட்டுட்டுப் போகணும். சத்தம் வேணாம்." சாயங்காலம் முடிவு சொல்கிறேன் என்றேன். பெரியவர் சிரித்துக்கொண்டே மறுபடி குழலை எடுத்தார்.

அப்போதுதான் கவனித்தேன். சன்னல் திண்டில் உள்ளங்கை அளவு ஸ்பீக்கர். அதில் ‘தேன் நிலவு’ பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பட்டறையின் சத்தங்களுக்கு அடியில் அது இருந்ததால் முதலில் காதில் விழவில்லை.

"ராஜாங்களா?"

"நாள் பூரா அவருதானுங்க. பென் டிரைவ்ல முந்நூறு பாட்டு இருக்குது. இந்த வேலைக்கு டி.எம்.எஸ். ஒத்துவராதுங்க."

"பிடிக்காதுங்களா?"

"யாரு சொன்னா? உசுரு! அதான் பிரச்சினையே. அவரு பாடுனா நானும் கூடச் சேந்து பாடிருவேன். மூச்சு ஏறும், சுடர் ஆடும், வெள்ளி ஒழுகிரும். ராஜா கூடச் சேந்து பாட முடியாதுங்க. கேக்கத்தான் முடியும்."

சங்கீத விமர்சகர் யாரும் இதைவிடச் சுருக்கமாகச் சொல்லி நான் படித்ததில்லை. டி.எம். சௌந்தரராஜன் பாடும்போது நாமும் நாலு பேர் நடுவில் நிமிர்ந்து நிற்கிறோம். அந்தக் குரல் நம்மை மேலே தூக்குகிறது. ராஜாவோடு சேர்ந்து பாட வேண்டுமானால் முதலில் நம் குரலைக் கீழே இறக்கிவைக்க வேண்டும். அப்பா அந்தப் பாட்டைப் பாடியதே இல்லை, முனகினார் என்பது அந்தப் பட்டறையில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கு உறைத்தது.

சித்தூர் மாவட்டத்துத் தெலுங்குக்காரர் ராஜா. 1929-ல் பிறந்தவர். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் படித்தவர். 1951-ல் ஜெமினி ஸ்டூடியோவின் ‘சம்சாரம்’ படத்தில் பாட வந்தார். 1955-ல் ‘மிஸ்ஸியம்மா’ வந்ததும் ஜெமினி கணேசனின் முகத்துக்கு இந்தக் குரல்தான் என்று ஆகிப்போனது. 1959-ல் ஸ்ரீதர் இயக்கிய முதல் படமான ‘கல்யாணப் பரிசு’க்கு ராஜாவே இசை. பாடகர்கள் இசையமைப்பாளராகி ஜெயிப்பது அபூர்வம், அவர் ஜெயித்தார். 1961-ல் காஷ்மீரில் எடுத்த ‘தேன் நிலவு’க்கும் அவர்தான். தெலுங்கிலும் மலையாளத்திலும் அதே காலத்தில் பாடிக்கொண்டிருந்தார். வீட்டில் தெலுங்கோ கன்னடமோ சௌராஷ்டிரமோ பேசிவிட்டு வாசலைத் தாண்டியதும் தமிழுக்கு மாறும் குடும்பங்கள் சேலத்தில் தெருவுக்குத் தெரு உண்டு. அவர்களுக்கு ராஜாவின் தமிழ் அந்நியமாகப் பட்டிருக்காது.

அவர் என்ன செய்கிறார் என்று காதை வைத்துக் கேட்டால் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை என்றுதான் தோன்றும். சங்கதிகளை அடுக்குவதில்லை. வல்லின எழுத்துகளில் மோதுவதில்லை. வரி முடியும் இடத்தில் அழுத்தி முத்திரை குத்தாமல் அப்படியே விட்டுவிடுகிறார். மேல் ஸ்தாயிக்குப் போக வேண்டிய இடத்தில் மற்றவர்கள் தொண்டையைத் திறப்பார்கள், இவர் குரலை இளைக்கவிடுவார். கம்பி அடுத்த துளைக்குள் நுழைவதுபோல. அறுந்துவிடுமோ என்ற ஒரு சின்னப் பயம் கேட்கிறவருக்கு வரும். அந்தப் பயம்தான் நம்மைப் பாட்டின் பக்கமாக ஒரு அங்குலம் சாய்க்கிறது. காதலைச் சொல்லப் போகிறவனுக்கு வரும் தயக்கமும் அதே பயம்தானே?

இப்படிப் பாடுவது முந்தைய தலைமுறையில் நடக்கிற காரியமில்லை. எஸ்.ஜி. கிட்டப்பா காலத்து நாடக மேடையில் மைக் கிடையாது. கடைசி வரிசைக்குக் குரல் எட்டாதவனுக்கு அங்கே வேலையும் கிடையாது. காதலியிடம் ரகசியம் சொல்வதாயிருந்தாலும் கொட்டகைக்கு வெளியே வேர்க்கடலை விற்கிறவருக்கும் கேட்கச் சொல்லியாக வேண்டும். பேசும் படம் வந்த பிறகும் நடிகர்களே பாடியதால் அந்த மேடைக்குரல் கொஞ்ச காலம் தொடர்ந்தது. 1938-ல் ‘நந்தகுமார்’ படத்தில் பின்னணிப் பாட்டு தமிழுக்கு வந்தது. முகம் ஒருவருடையது, குரல் இன்னொருவருடையது என்று ஆனதும், மெல்லிய குரல்காரருக்கும் கதவு திறந்தது. அதற்குப் பிறகு பாடகர் எட்ட வேண்டிய தூரம் கடைசி வரிசை வரைக்கும் இல்லை. வாய்க்கும் மைக்குக்கும் நடுவில் ஒரு சாண்.

இது தமிழில் மட்டும் நடந்ததில்லை. அமெரிக்காவில் ஜிம் ரீவ்ஸ் என்றொரு கன்ட்ரி பாடகர் இருந்தார். கன்ட்ரி என்பது அந்த ஊர் லாரி டிரைவர்களும் பண்ணைக்காரர்களும் கேட்கும் பாட்டு. 1923-ல் டெக்சஸில் பிறந்தவர். ஆரம்பத்தில் எல்லாரையும்போல உரத்த குரலில் துள்ளல் பாட்டுகள்தான் பாடினார். 1957-ல் ஒரு பாட்டுப் பதிவில் உதடு மைக்கைத் தொடுமளவுக்கு நெருங்கி, குரலைத் தணித்துப் பாடினார். அது அவரை வேறு பாடகராக்கியது. 1959 கடைசியில் வந்த அவருடைய பெரிய வெற்றிப் பாட்டின் கதையே தொலைபேசியில் நடப்பது. இன்னொருவனோடு இருக்கும் காதலியிடம் ஒருவன் தாழ்ந்த குரலில் பேசுகிறான், மிரட்டவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் கொழும்பிலும் பல வீடுகளில் அவருடைய இசைத்தட்டுகள் ஓய்ந்ததேயில்லை. 1964-ல், நாற்பது வயதில், தானே ஓட்டிவந்த சிறு விமானம் நாஷ்வில் அருகே விழுந்து இறந்தார். ராஜாவின் முடிவும் வழியில்தான். 1989 ஏப்ரலில், கச்சேரிக்குப் போகும் வழியில், வள்ளியூர் ரயில் நிலையத்தில் தவறி விழுந்து இறந்தார்.

மதியம் டவுன் பஸ் பிடித்து அஸ்தம்பட்டி தாண்டி ஏற்காடு சாலையில் இறங்கினேன். வளைவு சாலையோரம் தனியாக நிற்கிறது. மேலே நிறுவனத்தின் பெயர். உள்ளே ஸ்டூடியோ இருந்த நிலத்தில் இப்போது வீடுகள். திருச்செங்கோட்டுக்காரரான டி.ஆர். சுந்தரம் இங்கிலாந்தின் லீட்ஸில் நெசவுத் தொழில் படித்துவிட்டு வந்து, 1935-ல் இதைத் தொடங்கினார். நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படமான ‘பாலன்’ 1938-ல் இந்த வளைவுக்குள்ளிருந்துதான் போனது. முதலாளி கண்டிப்புக்குப் பேர்போனவர். அவர் கார் உள்ளே நுழைந்தால் படப்பிடிப்புத் தளமே நிமிர்ந்து உட்காருமாம்.

அந்தக் கண்டிப்பான இடத்திலிருந்து 1956-ல் வந்தது ‘அலிபாபாவும் 40 திருடர்களும்’. தமிழின் முதல் முழுநீள வண்ணப் படம். எம்.ஜி.ஆருக்கு டி.எம்.எஸ். குரல் பொருந்திவிட்டதை 1954-ன் ‘மலைக்கள்ளன்’ ஏற்கெனவே காட்டியிருந்தது. இருந்தும் அலிபாபாவின் காதல் பாட்டை ராஜாதான் பாடினார். மருதகாசி எழுதியது, சுசர்ல தட்சிணாமூர்த்தி இசை. கூடப் பாடியவர் பி. பானுமதி. யாருக்கும் தலைவணங்காத கம்பீரக் குரல், திரையிலும் அவரே. அந்தப் பாட்டைக் கேட்கும்போதெல்லாம் ஒன்று கவனிப்பேன். அதில் உறுதியாக நிற்பது பெண் குரல். கரைவது ஆண் குரல். கத்தி சுழற்றும் நாயகனுக்கு இப்படியொரு குரலா என்று யாரும் எழுந்து போய்விடவில்லை. விசைத்தறிக்காரரும் லாரிக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் காசு கொடுத்து மறுபடி வந்து கேட்டார்கள். சண்டை போட அவர்களுக்குச் சொந்தக் குரல் இருந்தது. கெஞ்சத்தான் ஒரு குரல் இரவல் வேண்டியிருந்தது.

இந்த வளைவுக்கு ராஜாவோடு இன்னொரு சொந்தமும் உண்டு. 1950-ல் இங்கே எடுத்த ‘மந்திரிகுமாரி’யில் திருச்சி லோகநாதனோடு ஒரு சிறுமி பாடினார். கணவன் மனைவியை மலை உச்சிக்கு அழைத்துப்போகும் பாட்டு. அவன் தன்னைத் தள்ளிவிடத்தான் கூட்டிப்போகிறான் என்று அவளுக்குத் தெரியாது. ஜி. ராமநாதன் இசை. பாட்டு முழுக்க இனிமை, அடியில் கொலைத் திட்டம். பாடியபோது ஜிக்கிக்கு வயது பதினைந்துகூட நிரம்பவில்லை. பின்னாளில் அவர் ராஜாவைக் கல்யாணம் செய்துகொண்டார். இருவரும் சேர்ந்து எத்தனையோ கச்சேரிகள் செய்தார்கள். வளைவின் நிழலில் நின்று சேர்வராயன் மலையைப் பார்த்தபோது இதெல்லாம் நினைவுக்கு வந்தது. கல்லூரிப் பையன்கள் இருவர் பைக்கை நிறுத்தி வளைவோடு தங்களைப் படமெடுத்துக்கொண்டு போனார்கள்.

அறுபதுகளில் ராஜா மெல்ல ஒதுங்கினார். ஜெமினி கணேசனின் குரல் காக்கிநாடாக்காரரான பி.பி. ஸ்ரீநிவாஸுக்குப் போனது. அதுவும் மெல்லிய குரல்தான், இன்னும் கொஞ்சம் அடர்த்தி. எழுபதுகளில் ராஜா திரும்பி வந்து சில படங்களில் பாடினார், இசையமைத்தார். பழைய அலை எழவில்லை. ஆனால் வானொலி அவரை விடவில்லை. ஐம்பதுகளில் பி.வி. கேஸ்கர் அமைச்சராயிருந்தபோது அகில இந்திய வானொலி சினிமாப் பாட்டை ஒதுக்கிவைத்ததால் வீடுகளெல்லாம் இலங்கை வானொலிக்கு முள்ளைத் திருப்பின. அந்தப் பழக்கம் பிறகும் விடவில்லை. அலைவரிசை ஏறி இறங்கும், இரைச்சல் வரும், பாட்டு பாதியில் தூரப்போய்த் திரும்ப வரும். எங்கள் வீட்டு வானொலியருகே அப்பா காதைச் சாய்த்து உட்கார்ந்திருப்பார். மற்றவர்களைக் காது பொத்த வைத்தே பழகிய மனிதர்.

செவ்வாய்ப்பேட்டைக்குத் திரும்பியபோது விளக்கு வைத்திருந்தார்கள். சந்து முனையில் தட்டுவடை செட் தள்ளுவண்டி. தட்டுவடையின்மேல் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், பச்சையில் ஒரு சட்னி, சிவப்பில் ஒரு சட்னி, மேலே இன்னொரு தட்டுவடையை வைத்து மூடித் தருவார்கள். ஒரே வாயில் போட வேண்டும், கடித்தால் சட்டைக்கு ஆபத்து. வண்டிக்காரம்மா "காரம் எப்படிங்ணா?" என்று கேட்ட குரல் அடுத்த தெருவுக்கும் போயிருக்கும். ஆடி மாதம் வந்திருந்தால் மாரியம்மன் பண்டிகையும் வண்டி வேடிக்கையும் பார்த்திருக்கலாம் என்றார். சாமி வேடம் போட்டு, அலங்கரித்த வண்டிகளில் ஊர்வலம் போகும்போது செவ்வாய்ப்பேட்டையின் சத்தம் இதைப்போல நூறு மடங்கு.

பட்டறையில் மற்றவர்கள் கிளம்பிவிட்டார்கள். பெரியவர் மட்டும் இருந்தார். ஸ்பீக்கர் இன்னும் பாடிக்கொண்டிருந்தது. மெருகு போட்ட கொலுசு சிவப்புக் காகிதத்தின்மேல் இருந்தது. பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் முத்துகள்.

"என்னங்க முடிவு?"

"தெருவுக்கு வேணாங்க."

"எத்தனை?"

"நீங்களே சொல்லுங்க."

காலுக்கு மூன்று என்று வைத்தார். ஒவ்வொன்றாகப் பொடி வைத்து ஊதினார். ஆறியதும் என் உள்ளங்கையில் வைத்து, "ஆட்டிப் பாருங்க" என்றார். ஆட்டினேன். ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்ததால் ஒன்றும் கேட்கவில்லை. அவர் கையை நீட்டிப் பாட்டை நிறுத்தினார். இப்போது கேட்டது.

"உங்க வீட்டம்மா எத்தனை முத்துக் கொலுசு போடுறாங்க?" என்று பேச்சுக்குக் கேட்டேன்.

பெரியவர் காகிதத்தை மடித்தபடியே, "அவங்க போயி ஆறு வருசமாச்சுங்க. ஒண்ணே ஒண்ணுதான் போடுவாங்க. கீழ சமையக்கட்டுல நடந்தா இங்க எனக்குக் கேக்கும். இவங்க யாருக்கும் கேக்காது" என்றார். இவங்க என்றது பட்டறைக்காரர்களை. பிறகு பாட்டை மறுபடி போட்டார்.

இரவு ரயிலில் கொலுசுப் பெட்டியைத் தலைமாட்டுப் பையில் வைத்துப் படுத்தேன். எதிர் பெர்த்தில் ஒருவர் போனில் யாருடனோ வியாபாரம் பேசிக்கொண்டிருந்தார். ஊரும் கையிருப்பும் விலையும் பெட்டி முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு குரலைத் தணித்து, முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பி, போனுக்குள் ஏதோ சொன்னார். அது மட்டும் எனக்குக் கேட்கவில்லை.

ரயில் ஓடும்வரை பையிலிருந்தும் சத்தமில்லை. ஏதோ ஒரு சின்ன நிலையத்தில் குலுங்கி நின்றது. ஒரே ஒரு முறை, பைக்குள் மூன்றும் மூன்றும் ஆறு முத்தும் அசைந்து அடங்கின.